ஹெர்ஷல் மாற்றிப் பார்த்த மூன்று வில்லைகள்

1781 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட பொழுது. இங்கிலாந்தின் பாத் நகரில் நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நின்று, மிதுனக் கூட்டத்தை ஒட்டிய சிறு விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார் வில்லியம் ஹெர்ஷல். அவற்றுள் ஒன்று அக்கம்பக்கத்து மீன்களைவிடப் பருத்துத் தெரிந்தது. தொலைநோக்கியில் அப்போது பொருத்தப்பட்டிருந்தது 227 மடங்கு உருப்பெருக்கும் கண்ணருகு வில்லை. அதைக் கழற்றிவிட்டு 460 மடங்கு வில்லையைப் பொருத்தினார், அடுத்து 932. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தப் பொருளின் வட்டு உருப்பெருக்கத்துக்கு ஏற்ற விகிதத்தில் வளர்ந்தது. அருகிலிருந்த விண்மீன்கள் அவ்வாறு வளரவில்லை.

யுரேனசின் கண்டுபிடிப்பைப் பாடநூல்கள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. இசைக்கலைஞர் ஒருவர், தற்செயலாக, ஒரு புதிய கோள் என்று. 'தற்செயல்' என்ற சொல்லை ஹெர்ஷல் கடைசிவரை ஏற்கவில்லை. வானத்தை ஒழுங்குமுறையாகச் சோதித்து வந்தபோது அன்று அந்தப் பொருளின் முறை வந்தது, அவ்வளவே என்பது அவர் கட்சி. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. கண்டுபிடிப்பின் உயிர்நிலை ஒரு பொருள் கண்ணில் பட்டதில் இல்லை; ஐயம் எழுந்த மறுகணமே வில்லையை மாற்றிப் பார்த்ததில் இருக்கிறது.

அந்தச் சோதனையின் தருக்கம் எளியது. விண்மீன் எவ்வளவு பெரிதாயினும் அதன் தொலைவு காரணமாக ஒரு புள்ளியே. தொலைநோக்கியில் அது சிறு வட்டாகத் தோன்றுவது ஒளியின் இயல்பால் விளையும் பொய்த்தோற்றம். கோளுக்கோ வால்வெள்ளிக்கோ உண்மையான பரப்பு உண்டு. அன்றைய யுரேனசின் தோற்ற விட்டம் நான்கு வில்விநாடிக்குச் சற்றுக் குறைவு. 227 மடங்கில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி. 932 மடங்கில் நிலவைப்போல் இரு மடங்கு. ஒரே வில்லையோடு நின்றிருந்தால் 'சற்றே மங்கிய விண்மீன்' என்று குறித்துவிட்டுக் கடந்திருக்க முடியும்.

அவ்வாறு கடந்தவர்கள் உண்டு. ஜான் பிளாம்ஸ்டீட் 1690இலேயே இதே பொருளை ரிஷபக் கூட்டத்தின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலிட்டார். பிரான்சின் லெ மோன்னியே பலமுறை கண்டும், 1769 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கண்டும், விண்மீனாகவே கருதினார். இருவரும் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய கருவிகள் விண்மீனின் இடத்தை அளப்பதற்காக அமைந்தவை. உருவத்தை ஆராய்வதற்காக அல்ல. அரச வானியலாளரான நெவில் மாஸ்கலைனே தம் தொலைநோக்கிகளில் அதை விண்மீன்களிலிருந்து பிரித்தறிய இயலாமல், இடப்பெயர்ச்சியைக் கொண்டுதான் இனங்கண்டார். வால்வெள்ளி வேட்டையில் பெயர்பெற்ற மெஸ்ஸியே, வாலும் புகைமூட்டமும் இல்லாத இதனை எப்படித்தான் கண்டறிய முடிந்தது என்று வியந்து எழுதினார்.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெர்ஷல் 1738இல் ஹனோவரில் பிறந்தவர். படை இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர். பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் இசைத்தவர். 1773இல் வானியல் ஆர்வம் தலைக்கேறியபோது, அவர் விரும்பிய அளவில் எதிரொளிப்புத் தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்க வசதியில்லை. ஆடி தேய்த்து விளையாடிச் சலித்துப்போன உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து கருவிகளை வாங்கி, ராபர்ட் ஸ்மித்தின் ஒளியியல் நூலைத் துணைக்கொண்டு தாமே ஆடி செய்யத் தொடங்கினார். செம்பும் வெள்ளீயமும் கலந்த ஸ்பெக்குலம் என்னும் உலோகமே அக்காலத்து ஆடி. (கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியும் இதே உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தது.) மெருகிடும்போது கையை எடுத்தால் பரப்பு கெடும் என்பதால், ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் நிறுத்தாமல் தேய்த்ததையும், தான் உணவை வாயில் ஊட்டிவிட்டதையும் தங்கை கரோலின் பதிவு செய்திருக்கிறார். கண்டுபிடிப்புக்குப் பயன்பட்ட 'ஏழடி'த் தொலைநோக்கியின் ஆடி 6.2 அங்குல விட்டம் கொண்டது. குவியத் தூரம் ஏறத்தாழ 85 அங்குலம்.

ஸ்பெக்குலம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கையே திருப்பித் தரும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் ஒளி இரண்டு ஆடிகளில் பட்டு வருவதால், கண்ணருகு வில்லையை அடையுமுன்பே பாதிக்கு மேல் போய்விடும். எஞ்சிய ஒளியைக் கண்ணாடியில் இழக்க ஹெர்ஷல் விரும்பவில்லை. ஒவ்வொரு கூடுதல் வில்லையும் இரு பரப்புகளில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டை விழுங்கும். ஆகவே இரட்டை வில்லை அமைப்பையும் ஒற்றை வில்லையையும் சம உருப்பெருக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, ஒளியிலும் தெளிவிலும் ஒற்றையே மேல் என்று எழுதினார். இன்றைய வானோக்கர்கள் 'ஐபீஸ்' வாங்கும்போது பார்வைப்புலம் எத்தனை பாகை என்பதை முதலில் கேட்பார்கள். ஹெர்ஷல் பார்வைப்புலத்தை முழுவதும் பலிகொடுத்து, நடுப்புள்ளியின் தெளிவை மட்டும் வாங்கினார். இரட்டை விண்மீன்களைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது போதும். இதைப் பழங்காலத்துக் குறைபாடு என்று தள்ளுவது தவறு. நோக்கத்துக்கு ஏற்ற தேர்வு அது.

சிக்கல் எழுந்தது உருப்பெருக்க எண்களில். 85 அங்குலக் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 227க்கு வேண்டியது 9.5 மில்லிமீட்டர் வில்லை, 460க்கு 4.7, 932க்கு 2.3. இவை நம்பத்தக்கவை. ஹெர்ஷல் இவற்றோடு நிற்காமல் 2010, 3168, 6450 என்றும் அறிவித்தார். 6450க்கு வேண்டிய வில்லையின் குவியத் தூரம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணியின் வழியே, புவிச் சுழற்சியால் ஓரிரு விநாடிக்குள் பார்வையை விட்டு ஓடும் விண்மீனைப் பிடித்துப் பார்த்ததாக ஓர் இசை ஆசிரியர் சொல்கிறார். லண்டனின் கற்றறிந்தோர் நம்பவில்லை.

அந்த அவநம்பிக்கையின் எடையைக் குறைத்து மதிப்பிடலாகாது. உருப்பெருக்க எண் பொய் என்றால், அதைக்கொண்டு பெற்ற இரட்டை விண்மீன் அளவுகள் பொய். வட்டு வளர்ந்ததென்ற சாட்சியமும் ஆட்டம் காணும். பித்தர் விடுதிக்கு அனுப்ப வேண்டியவர் என்ற பேச்சுகூட அடிபட்டது. நண்பர் அலெக்சாண்டர் ஆபர்ட், அப்படி அனுப்பினால் தாமும் உடன்வருவதாக எழுதித் தேற்றினார். வில்லைகளின் ஆற்றலை எவ்வாறு அளந்தார் என்பதை விளக்கி, ஐயங்களைப் போக்கும் நோக்கில் ஹெர்ஷல் எழுதிய கட்டுரை 1782இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பார்ப்பது என்பதே பயின்று அடைய வேண்டிய ஒரு கலை என்ற கருத்தையும் அந்நாட்களின் கடிதமொன்றில் அவர் முன்வைத்தார். ஆண்டுக்கணக்கில் விசைப்பலகையில் பழகிய கைக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும்.

ஐயுற்றவர்கள் முற்றிலும் தவறா? இரண்டு கேள்விகள் இங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அத்தகைய வில்லை இருந்ததா என்பது ஒன்று. இருந்தது. 1924இல் ஸ்டீவன்சன் என்ற வானோக்கர் எஞ்சியிருந்த ஹெர்ஷல் வில்லைகளைச் சோதித்தபோது, ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே குவியத் தூரம் உள்ள வில்லையும் அவற்றுள் இருந்தது. அத்தகைய உருப்பெருக்கத்தால் பயன் உண்டா என்பது மற்றொன்று. ஆடியின் விட்டத்தில் மில்லிமீட்டருக்கு இரு மடங்கு என்பது இன்றைய நடைமுறை வரம்பு, 6.2 அங்குல ஆடிக்கு அது 300 சொச்சம். அதற்கு மேல் படிமம் பெரிதாகும். புதிய நுணுக்கம் எதுவும் தெரியாது. விண்மீன் வட்டின் அளவை ஆடியின் விட்டமே தீர்மானிக்கிறது என்ற கணக்கை ஏரி 1835இல்தான் வகுத்தார். 1782இல் இவ்வரம்பை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஐயுற்றவர்கள் சரியான இடத்தில் சந்தேகித்தார்கள், தவறான காரணத்துக்காக.

ஹெர்ஷலும் வழுக்கினார். அடுத்தடுத்த வாரங்களில் நுண்ணளவியால் வட்டை அளந்தபோது அது வளர்ந்துகொண்டே வருவதாகக் கண்டு, வால்வெள்ளி நெருங்குகிறது என்று முடிவுகட்டினார். உண்மையில் அப்போது புவி யுரேனசிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. வட்டு சிறிதளவு சுருங்கியிருக்க வேண்டும். 1781 ஏப்ரல் 26 அன்று ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட அவரது கட்டுரையின் தலைப்பிலும் 'வால்வெள்ளி' என்ற சொல்லே இருக்கிறது. முதல் நாளிரவே குறிப்பேட்டில் இடம்பிடித்த அச்சொல், வருவதை நெருங்கிவருவதாகக் காணும்படி கண்ணைப் பழக்கிவிட்டது போலும். வில்லைகளை மாற்றியவர் சொல்லை மாற்றத் தாமதித்தார்.

வழக்கு தீர்ந்தது வாதத்தால் அன்று. 1782 மே மாதம் ஏழடித் தொலைநோக்கியை லண்டனுக்குக் கொண்டுசென்று, கிரீனிச்சில் மாஸ்கலைனின் கருவிகளோடு அருகருகே வைத்து ஒரே வானில் ஒப்பிட்டார்கள். அங்குள்ள கருவிகளில் பிரியாத இரட்டை விண்மீன்கள் ஹெர்ஷலின் ஆடியில் தெளிவாகப் பிரிந்தன. கருவியின் தாங்கியைப் பார்த்து மாஸ்கலைன் தம் தொலைநோக்கிக்கும் அதேபோல் ஒன்று செய்ய மாதிரி எடுக்கச் சொன்னார். பிறகு தம் தொலைநோக்கி புதிய தாங்கிக்குத் தகுதியானதுதானா என்றே அவருக்கு ஐயம் வந்துவிட்டதாக, ஜூன் 3ஆம் நாள் கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் ஹெர்ஷல் மகிழ்ச்சியை மறைக்காமல் தெரிவிக்கிறார். அவ்வாண்டே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வழங்க, இசைத்தொழில் முடிவுக்கு வந்தது.

பிறருடைய ஐயம் அடங்கிய பின்னரும் அவர் தம் ஆடிகளை ஐயுறுவதை நிறுத்தவில்லை. ஒரே ஆடி ஓரிரவு ஊசிமுனைபோல் கூர்மையாகக் காட்டுவதும் மறுநாள் எல்லாவற்றையும் குழப்புவதும் ஏன்? ஆடியைக் குறைசொல்லி மீண்டும் தேய்க்கத் தொடங்குவதே அக்காலத்துப் பழக்கம். மெருகேற்றும் சாக்கில் நல்ல வளைவைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். ஹெர்ஷல் தம் பல்லாண்டுக் குறிப்பேடுகளைத் திரும்பப் புரட்டி, ஒவ்வோர் இரவின் காற்று, ஈரம், பனி, வெப்பம் ஆகியவற்றோடு படிமத்தின் தரத்தை ஒப்பிட்டார். மூடுபனியும் ஈரமும் நிறைந்த இரவுகளில் ஆடி மிக நன்றாக வேலை செய்திருந்தது. கதகதப்பான அறையிலிருந்து குளிரில் கொண்டுவந்த தொலைநோக்கி, சூடு சமனாகும்வரை சரியாகச் செயல்படவில்லை. இன்று மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்போர் ஆடி குளிரட்டும் என்று காத்திருப்பதும் இதனால்தான்.

1802 நவம்பர் 9 அன்று புதன் கோள் சூரியனைக் கடந்ததை அவர் நோக்கினார். அடுத்த ஆண்டு அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் பெரும்பகுதி புதனைப் பற்றியது அன்று; ஆடிகள் ஒழுங்காகச் செயல்படாமைக்கான காரணங்களைப் பற்றியது. சூரிய வெப்பம் பட்ட ஆடியின் வளைவு மாறுகிறதோ என்ற ஐயத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஆடியின் அருகே பிடித்து, குவியத் தூரம் எவ்வளவு நகர்கிறது என்று அவர் அளந்து பார்த்திருக்கிறார்.