எத்தனை பேர் வெளியேற்றப்பட்டோம்?



ஒவ்வொரு ஒக்டோபரிலும் முகநூலில் ஒரே கேள்வி வரும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எத்தனை பேர்? ஒருவர் எழுபதாயிரம் என்பார், இன்னொருவர் எண்பதாயிரம் என்பார், மூன்றாமவர் ஒரு இலட்சம் என்று எழுதுவார். பிறகு அந்த எண்ணை வைத்தே சண்டை தொடங்கிவிடும். எமது துயரத்துக்குச் சரியான ஒரு எண்ணைக்கூட எம்மால் ஏன் சொல்ல முடியவில்லை? இதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1981இல் நாடு முழுவதும் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நடக்க வேண்டியது யுத்தத்தால் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கின் பெரும்பகுதியில் முழுமையாக எண்ண முடியவில்லை. அடுத்த முழுமையான மதிப்பீடு 2012இல்தான் வந்தது. இடையில் 31 வருடங்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எம்மவர்கள் விரட்டப்பட்டது அந்த இடைவெளிக்குள்தான். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒஸ்மானியா கல்லூரிக்குப் பக்கத்தில் ஜின்னா மைதானத்துக்கு மக்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் காணி உறுதியைத் தேடி எடுத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

ஆகவே நாம் எழுபதாயிரம், எழுபத்தையாயிரம் என்று சொல்வதெல்லாம் பிற்பாடு முகாம்களில், நிவாரண அட்டைகளில், பழைய கிராமப் பதிவுகளில் தேடிச் சேர்த்த மதிப்பீடுகள். ஆளுக்கு ஆள் எண் மாறுவது அதனால்தான். அது எமது கதையைப் பொய்யாக்காது. ஆனால் எண் இல்லாத துயரம் கொள்கை வகுப்போரின் மேசைக்குப் போவது கடினம் என்பதை நாம் பட்டுத்தான் அறிந்தோம்.

இந்த வேலையை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்தவர். முகாம்களில் ஏறி இறங்கி, யார் எந்த ஊர், என்ன தொழில், எதை இழந்தார்கள் என்று கணக்கெடுத்தார். 2001இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பில் எம்மை 'மறக்கப்பட்ட மக்கள்' என்றார். 2018 ஓகஸ்டில் அவர் வபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழ் ஆசிரியர்கள் உருவாக்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, 1990களின் தொடக்கத்திலேயே எமது வெளியேற்றத்தைப் பதிவு செய்து கண்டித்தது. அவர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உண்மையை எழுதுவதற்கு உயிரே விலையாக இருந்த காலத்திலும் எமக்காக எழுதிய தமிழர்கள் இருந்தார்கள்.

இந்த எழுத்துகளால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. உடனடிப் பயன் குறைவுதான். 2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடக மாநாட்டில் வெளியேற்றம் பற்றிய கேள்வியை விடுதலைப் புலிகளால் தவிர்க்க முடியவில்லை. அது தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். இருந்தும் சமாதானப் பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு கிடைக்கவில்லை. 2007இல் சர்வதேச நெருக்கடிக் குழு இலங்கை முஸ்லிம்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டு, இரு தரப்புச் சண்டையின் நடுவே அகப்பட்டவர்கள் நாம் என்று எழுதியது. அதன் பிறகு எமது விடயம் வெளிநாட்டுத் தூதரகங்களின் மேசைக்கும் போனது.

ஆய்வும் கொள்கையும் எமக்குப் பாதகமாகத் திரும்பிய இடமும் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்ததும் இடம்பெயர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் 'பழையவர்கள்'. வன்னியிலிருந்து வந்து மெனிக் பாமில் அடைபட்டிருந்த மக்களின் அவலம் பெரியது, அவர்களுக்கு அவசர உதவி போயே ஆகவேண்டும். அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'பழையவர்' என்ற அந்த ஒரு சொல்லால், இருபது வருடம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த குடும்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிப் போனவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே நிரந்தரமாக இருந்தால்தான் வீடு தருவோம் என்றார்கள். வீடு இல்லாமல் எங்கே இருப்பது? 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் 2010இல் மூன்று, நான்கு குடும்பமாகத் திரும்பினார்கள். காணியோ பழைய ஒன்றுதான். பதிவை மன்னாருக்கு மாற்றினால் 'மீள்குடியேறிவிட்டார்' என்று எழுதப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்கினால் 'திரும்ப விருப்பமில்லை' என்று எழுதப்பட்டது. எமது வாழ்க்கை இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது பிரஜைகள் ஆணைக்குழு. அரசாங்கம் எமக்கென்று ஒரு ஆணைக்குழு அமைக்காத நிலையில், சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் அந்த முயற்சியை எடுத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பர்ஸானா ஹனீபா போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். மக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2011இல் அறிக்கை வந்தது. அதே வருடம் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்து, வடக்கு முஸ்லிம்களின் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு காண விசேட குழு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2013இல் இடம்பெயர்ந்தவர்கள் தமது சொந்த ஊரின் வாக்காளர் இடாப்பில் பதிய வழிசெய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2016 ஓகஸ்டில், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. சாட்சி, அறிக்கை, பரிந்துரை, சட்டம் என்று ஒவ்வொரு படியும் வருடக் கணக்கில் நகர்ந்தது. பரிந்துரைகளில் பல இன்றும் தாளில்தான் இருக்கின்றன.

ஆய்வு செய்தால் எல்லா வாதத்திலும் வெல்லலாம் என்றும் நினைக்கக் கூடாது. முசலி தெற்கு விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குளி மக்கள் திரும்பி வந்தபோது வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று நாடே கொதித்தது. இவை வில்பத்து தேசிய பூங்காவின் வட எல்லைக்கு அப்பால் இருந்த பழைய ஊர்கள், ஆளில்லாத காலத்தில் காடு வளர்ந்தது, அந்தக் காட்டை 2012 ஒக்டோபர் வர்த்தமானி ஒதுக்குக் காடாக்கியது என்று ஹஸ்புல்லாஹ் 2015இல் எழுதினார். ஆனால் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு ஒதுக்குக் காட்டுக்குள் நடந்த குடியேற்றம் சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சரின் செலவில் மரம் நடவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சட்டத்தின் முன் ஒரு ஊரின் ஞாபகம் மட்டும் போதாது. உறுதி வேண்டும், வரைபடம் வேண்டும், வர்த்தமானி வரும்போதே ஆட்சேபிக்க ஆள் வேண்டும். அரசியல்வாதியின் வாக்குறுதியை நம்பி ஆவணத்தைக் கைவிட்ட சமூகம் கடைசியில் நீதிமன்றத்தில் தனியாக நிற்கும்.

ஹஸ்புல்லாஹ் இப்போது இல்லை. 1990இல் நாற்பது வயதில் இருந்தவர்கள் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு ஒழுங்கையின் வரைபடம் மண்ணுக்குள் போகிறது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு, கடை யாருடைய பெயரில் இருந்தது, மையவாடியின் எல்லை எது என்று சொல்ல நாளைக்கு ஆள் இருக்காது.

ஆகவே இந்த வருடம் எண்ணுக்காகச் சண்டை பிடிப்பதை நிறுத்துவோம். ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, 1990இல் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயர், கிராம சேவகர் பிரிவு, காணியின் அளவு, எல்லைகள், தொழில், வெளியேறிய திகதி, எந்த வழியாக வந்தார்கள், முதலில் தங்கிய முகாம் எது என்று எழுதுங்கள். உறுதி, பழைய அடையாள அட்டை, நிவாரண அட்டை எது இருந்தாலும் போட்டோப் பிரதி எடுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பள்ளிவாசலில் இருக்கட்டும். எமது தமிழ் அயலவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். அழுது வழியனுப்பியவர்களையும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டவர்களையும் வரலாறு அறிய வேண்டும்.

நூறு வீட்டில் இந்தக் கொப்பி நிறைந்தால், அடுத்த தடவை எத்தனை பேர் என்று கேட்பவருக்கு நாம் பெயர் பெயராக எண்ணிக் காட்டலாம்.