வெறி

மதவெறி என்கிறோம். சங்க காலத்தில் 'வெறி' வசைச்சொல்லாக இல்லை. நறுமணத்துக்கும், முருகன் அருள் வந்து வேலன் என்னும் பூசாரி ஆடும் ஆட்டத்துக்கும் அதுவே பெயர். வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே ஒரு புலவர் இருந்தார். அந்த ஆட்டத்தின் தன்னை மறந்த நிலைதான் கள்வெறியிலும் மதவெறியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கபாலி கோயிலும் கச்சேரி சாலை மசூதியும் சாந்தோம் தேவாலயமும் நடக்கும் தூரத்திலுள்ள மயிலாப்பூரில், ஒலிபெருக்கி பிடித்து அண்டை வீட்டாரின் மதத்தை இழிவுபடுத்துபவர் தன்னை மறந்தா பேசுவார்? கணக்குப் போட்டுத்தான் பேசுவார். 1927இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவும், அதன் இன்றைய வடிவமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவும், திட்டமிட்டுத் தீய நோக்கோடு மத உணர்வை அவமதிப்பதையே குற்றமாக்குகின்றன. நாத்திகமும் நேர்மையான விமர்சனமும் பேச்சுரிமைக்குள் அடங்கும்.

திட்டமிட்ட பகையை வெறி என்று மன்னிக்காதீர்கள். வெறுப்பு என்றே எழுதுங்கள்.