பாலம் கண்டோம், பிணம் காணோம்!

போர்ப் படங்களிலே எதிரி நாட்டு வீரனுக்கு இரண்டே வேடங்கள்தாம் தருகின்றனர்: ஒன்று அரக்கன், மற்றொன்று அறிவிலி. அரக்கனென்றால் கொல்லலாம், அறிவிலியென்றால் எள்ளி நகையாடலாம். இரண்டாம் வேடத்தின் நஞ்சை நாம் எளிதில் உணர்வதில்லை.

1957ஆம் ஆண்டிலே வெளிவந்து, ஏழு ஆஸ்கார் பரிசுகளை வென்ற 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். சயாம் காட்டிலே, ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் ரயில் பாலம் கட்டுகின்றனர். ஜப்பானியப் பொறியாளருக்குப் பாலம் கட்டத் தெரியவில்லையாம்! கைதியாகக் கிடக்கும் வெள்ளைக்காரத் தளபதிதான் கற்றுக்கொடுக்கிறாராம்!

வரலாறு கூறுவதென்ன? சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதையை அளந்தவரும் வரைந்தவரும் ஜப்பானியப் பொறியாளரே. 1942இல் தொடங்கிய பணியை 1943 அக்டோபரில் முடித்துவிட்டனர். அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை, அருளுக்குத்தான் பஞ்சம்! படத்திலே கொடுங்கோலராக வரும் தளபதியின் பெயர் சைட்டோ. அப்பெயருடைய ஜப்பானியர் ஒருவர் உண்மை முகாமிலும் இருந்தார். போர் முடிந்தபின் அவருக்காகப் பரிந்து பேசியவர், அங்கே கைதிகளின் தலைவராயிருந்த பிரிட்டிஷ் அதிகாரி டூசியே! அரக்கனுமல்ல, அறிவிலியுமல்ல, மனிதன்.

எதிரியை மடையனாக்கியதால் என்ன கேடு என்பீர்கள். கேடு உண்டு, தோழர்களே! திறமையோடு திட்டமிட்டு, கணக்கற்ற உயிர்களைச் செலவிட்டுப் போட்ட பாதை அது. மடமையைக் காட்டி நகைக்கவைத்த படம், அந்தக் கொடுமையின் முழு அளவை மறைத்துவிட்டது. சிறைப்பட்ட வீரர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களினும் பன்மடங்காக மாண்டவர் ஆசியக் கூலி மக்கள். ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுகின்றனர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவா மக்கள். அவர்களோடு, மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் அச்சுறுத்தியும் கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழர்! காலராவும் பசியும் அவர்களை வாரிச் சென்றன.

காஞ்சனபுரியிலே போர்வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. கூலித் தமிழனுக்கோ கல்லறையிலும் பெயரில்லை, கதையிலும் இடமில்லை. வெள்ளைக்காரனின் பெருமையும் ஜப்பானியனின் சிறுமையுமே கதையான இடத்தில், கறுப்புக் கூலிக்கு வேடம் ஏது?

படம் பார்க்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. பகைவனைப் போற்றுக என்றும் கூறவில்லை. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டு மூதுரை. எதிரியைக் கண்டு கொட்டகை சிரிக்கும்போது, இளைஞனே, நீ கேள்: இது யார் பெருமைக்காக எடுத்த படம்? இதிலே யாருடைய பிணம் மறைக்கப்பட்டது?