‘பால்’ என்னும் சொல்லும் பணியிட உரிமையும்: அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

சட்டத்தில் இடம்பெறும் ஒரு சொல்லுக்குக் கூறப்படும் உரை, சிலருடைய வாழ்வாதாரத்தையே முடிவு செய்துவிடுவதுண்டு. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தில் உள்ள ‘பால்’ என்னும் சொல் அத்தகையது. தன்பாலீர்ப்பினரும் பால்மாறியோரும் பணியிடப் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்குகளில், நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட வினா எவ்வாறு மாறிவந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அரசுப் பணியும் ஒழுக்கமும்

1953ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் ஆணை, கூட்டரசுப் பணியாளரின் நம்பகத்தன்மையை ஆராயும்போது கருதத்தக்க கூறுகளுள் ‘பாலியல் பிறழ்ச்சி’ என்பதனையும் சேர்த்தது. இதனால் பலர் பணியிழந்தனர். வானியலில் முனைவர் பட்டம் பெற்ற பிராங்க் காமெனி, இவ்வாணை நடப்பிலிருந்த 1957ஆம் ஆண்டின் இறுதியில் இராணுவ நிலப்படத் துறையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தாமே எழுதிய மனுவுடன் 1961இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தன்பாலீர்ப்பினர்பால் அரசு காட்டும் பாகுபாடு, சமயத்தையும் இனத்தையும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டிற்கு ஒப்பானது என்பது அவரது வாதம். நீதிமன்றம் மனுவை விசாரணைக்கு ஏற்கவில்லை.

1969இல் விண்வெளி நிறுவனமான நாசாவின் பணியாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வினாவை எழுப்பியது. ஒருவரின் தனிவாழ்விற்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை அரசு காட்டவேண்டும் என நீதிபதி பேசலோன் தீர்ப்பெழுதினார். 1975இல் அரசுப் பணி ஆணையம் தன் விதிகளைத் திருத்திக்கொண்டது. ஒழுக்கம் பற்றிய வினா, இவ்வாறு பணித்தொடர்பு பற்றிய வினாவாயிற்று. எனினும் தனியார் நிறுவனத்தாருக்கு இவ்விதிகள் பொருந்தவில்லை.

சொல்லும் அதன் பொருளும்

தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, இனம், நிறம், சமயம், பால், பிறப்பு நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு பாகுபடுத்துவதைத் தடை செய்தது. ஹோவர்டு ஸ்மித் என்னும் உறுப்பினர் முன்மொழிந்த திருத்தத்தால் ‘பால்’ என்னும் சொல் அதில் இடம்பெற்றது. அதனை இயற்றியோர் தன்பாலீர்ப்பினரையோ பால்மாறியோரையோ எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறிக் கீழ்நிலை நீதிமன்றங்கள் பல்லாண்டுகள் வழக்குகளைத் தள்ளின.

இரு தீர்ப்புகள் இந்நிலையைத் தளர்த்தின. பெண்மைக்குரியதெனக் கருதப்படும் நடையுடை இல்லாமையைக் காட்டிப் பதவி உயர்வை மறுப்பதும் பால்வழிப் பாகுபாடே என்னும் கருத்து 1989இல் ஏற்கப்பட்டது. சட்டம் இயற்றியோரின் முதன்மைக் கவலையைவிடச் சட்டத்தின் வாசகமே ஆளும் என 1998இல் நீதிபதி ஸ்கேலியா உரைத்தார். இதற்கிடையே, வெளிப்படையான பாதுகாப்பு வழங்கும் மசோதா 1996இல் செனட் அவையில் 49க்கு 50 என்னும் வாக்குகளில் தோற்றது. 2013இல் அவ்வவை ஏற்ற மசோதாவைக் கீழவை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே, வழக்குரைஞர்கள் பழைய சொல்லையே மீண்டும் நாடினர்.

2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மூன்று வழக்குகளை ஒருங்கே ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2020 ஜூன் 15 அன்று 6க்கு 3 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆணை விரும்பும் பெண்ணைப் பணியில் வைத்துக்கொண்டு, ஆணை விரும்பும் ஆணை மட்டும் நீக்கினால், நீக்கத்திற்குக் காரணம் அவரது பாலே என்று நீதிபதி கோர்சச் விளக்கினார். பால்மாறியோருக்கும் இவ்விளக்கமே பொருத்தப்பட்டது. 1964ஆம் ஆண்டு மக்கள் அச்சொல்லை இவ்வாறு பொருள்கொண்டிருக்கமாட்டார்கள் என்றும், சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கடமை என்றும் சிறுபான்மை நீதிபதிகள் மறுத்தனர். மூலத்தின் சொல்லைப் பின்பற்றுவதா, ஆசிரியரின் கருத்தைப் பின்பற்றுவதா என்னும் இவ்வாதம் உரைநூல்களைப் பயில்வோர்க்குப் புதிதன்று.

முடிவுரை

ஏழாம் தலைப்பு 15 பணியாளருக்குக் குறைந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சமய நம்பிக்கையை முன்னிட்டு நிறுவனத்தார் கோரும் விலக்குகளையும் நீதிமன்றம் பின்வரும் வழக்குகளுக்கு விட்டுவைத்தது. காமெனியிடம் அரசு மன்னிப்புக் கோரியது 2009இல்தான். 2020ஆம் ஆண்டு வழக்குகளில் பணியிழந்த மூவருள் இருவர் தீர்ப்பைக் காண உயிரோடு இல்லை. சட்டத்தின் வாசகம் 1964 முதல் அங்கேயே இருந்தது. அதற்கு உரிய பொருள் கிடைக்க 56 ஆண்டுகள் சென்றன. அக்காலத்தாழ்வின் சுமையைப் பணியிழந்தோரே சுமந்தனர் என்பதனையும் இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.