தாளில் தெரியாத கணக்கு

மேஜைமேல் ஒன்பது பச்சைக் கரடிப் பொம்மைகள். சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கரடிகள். ஆசிரியர் அவற்றை ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியால் மறைக்கிறார். மூடிக்கு வெளியே, குழந்தை தானே எடுத்து வைத்த இன்னும் நான்கு. "உள்ளே ஒன்பது ஒளிஞ்சிருக்கு, வெளியே நாலு இருக்கு. மொத்தம் எத்தனை?" பதின்மூன்று என்கிறது குழந்தை. பரீட்சைத் தாளாக இருந்தால் ஒரு மதிப்பெண்ணோடு கதை முடிந்தது. இங்கே அடுத்து வரும் கேள்விதான் உயிர்: "எப்படிக் கண்டுபிடிச்சே?"

ஒரு குழந்தை மூடியின்மேல் விரலால் தட்டித் தட்டி, ஒன்றிலிருந்து எண்ணி வந்திருக்கும். இன்னொரு குழந்தை ஒன்பதை மனதில் நிறுத்திக்கொண்டு பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று மேலே போயிருக்கும். மூன்றாவது குழந்தை நான்கிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஒன்பதோடு சேர்த்துப் பத்தாக்கி, மிச்சமுள்ள மூன்றைக் கூட்டியிருக்கும். விடை ஒன்றுதான். ஆனால் நாளைக்கு வகுப்பில் இந்த மூவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. அதைத் தாள் காட்டாது.

இந்தக் கரடிப் பொம்மைகள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பள்ளிகளுக்கு வந்தது 1999-இல். ஆனால் ஒரு குழந்தையோடு தனியாக உட்கார்ந்து அதன் சிந்தனையைக் கேட்கும் வழக்கம் அதற்கு 80 ஆண்டுகள் முன்பே, பாரிஸில் தொடங்கிவிட்டது. தொடங்கியவர் கணக்கு வாத்தியார் அல்ல. நத்தை, சிப்பி வகை உயிர்களை ஆராய்ந்து 1918-இல் முனைவர் பட்டம் வாங்கிய சுவிட்சர்லாந்து இளைஞர் ழான் பியாஜே.

1919-இல் பாரிஸ் வந்த பியாஜேக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. அறிவுத்திறன் சோதனையை 1905-இல் உருவாக்கிய இருவரில் ஆல்ஃபிரட் பினே அப்போது உயிரோடு இல்லை; மற்றவரான தியோடர் சிமோன், இங்கிலாந்தின் சிரில் பர்ட் எழுதிய தர்க்கக் கேள்விகளைப் பாரிஸ் பிள்ளைகளிடம் கேட்டு, எந்த வயதுக்கு எந்த அளவு என்று வரையறுக்கும் பொறுப்பை இவரிடம் தந்தார். சரியா தவறா என்று குறிப்பது, பிறகு கூட்டிப் பார்ப்பது. பியாஜேக்கு அது சலித்துப்போனது. அவர் கண்ணில் பட்டது வேறொன்று. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள். அப்படியானால் அந்தத் தவறுக்குப் பின்னால் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் அல்லவா? பாரிஸ் வருவதற்கு முன் ஜூரிச்சில், மனநல மருத்துவர்கள் நோயாளியின் பேச்சைப் பின்தொடர்ந்தே கேள்வி கேட்பதைப் பார்த்துப் பழகியிருந்தார். அதே முறையில் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கினார்.

ஆகவே இந்தத் தேர்வு முறை பிறந்ததே தவறான விடைக்குக் கொடுத்த மரியாதையில்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

1941-இல் அலினா ஷெமின்ஸ்காவோடு சேர்ந்து, குழந்தைக்கு எண் என்ற கருத்து எப்படி உருவாகிறது என்ற நூலை பியாஜே வெளியிட்டார். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீளமாக்கினால், சிறு குழந்தை நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று சொல்லும். இது உலகப் புகழ் பெற்ற சோதனை. ஆனால் 1970-களில் எடின்பரோவில் ஜேம்ஸ் மக்கேரிகல், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, பெட்டியிலிருந்து குதித்து வந்த குறும்புக்காரக் கரடிப் பொம்மை! இப்போது வெகு அதிகமான குழந்தைகள் "இரண்டும் சமம்தான்" என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும்போல என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்பவரும் விடைக்குள் நுழைந்துவிடுகிறார் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பென்னி காட்டினான். ஆறாம் வகுப்பு, வயது 12. அவரவர் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து, விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்தும் திட்டத்தில் படித்தவன். அதில் நன்றாக முன்னேறுபவன் என்றே பெயர் எடுத்திருந்தான். ஸ்டான்லி எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசி 1973-இல் எழுதியதைப் படித்தால் மனம் பதறும். பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்பான், இரண்டையும் பத்தையும் கூட்டிப் பன்னிரண்டாக்கி, நடுவே ஒரு புள்ளி. 0.3-உம் 0.4-உம் கூட்டினால் அவனுக்கு 0.07. தனக்கென்று விதிகளை உண்டாக்கி, அவற்றை உறுதியாக நம்பியிருந்தான். அவன் தாள்கள் எதுவும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆராய்ச்சியாளர் கையிலிருந்த இந்தக் கருவி ஆசிரியர் கைக்கு வந்தது ஜார்ஜியா பல்கலைக்கழகம் வழியாக. அங்கே லெஸ்லி ஸ்டெஃபியும் அவர் குழுவினரும் குழந்தைகள் எண்ணும் விதங்களை வகைப்படுத்தினார்கள். பொருள்களை மறைத்து வைத்துக் கேட்பது அவர்கள் வேலையில் முக்கிய இடம் பெற்றது. ஸ்டெஃபியிடம் பயின்ற ராபர்ட் ரைட், 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கணக்கில் பின்தங்கிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக அதை ஒரு மீட்புத் திட்டமாக்கினார். 1996-இலிருந்து அந்த மாநிலப் பள்ளிகளுக்கே அது பரவியது.

அடுத்த அடியை விக்டோரியா வைத்தது. டக் கிளார்க் தலைமையில் 1999 முதல் 2001 வரை நடந்த எண்ணறிவு ஆய்வுத் திட்டத்தில் 35 பள்ளிகள் புதுமுறையைப் பின்பற்றின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் 35. பின்பற்றிய பள்ளிகளில் வகுப்பாசிரியரே ஒவ்வொரு குழந்தையோடும் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 30, 40 நிமிடம் உட்கார்ந்தார். எண்ணுதல், இடமதிப்பு, கூட்டல், பெருக்கல், நீளம், நேரம் என்று போகும் கேள்விகள். குழந்தை தடுமாறினால் அந்தப் பகுதியை அங்கேயே விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். தோற்றுப்போன நினைப்போடு எழுந்து போகக் கூடாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் சிலர் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஆசிரியர்கள் கண்டார்கள்.

இதற்குச் செலவு உண்டு. ஓர் ஆசிரியர் ஒரு குழந்தையோடு உட்கார்ந்தால் மற்றவர்களை யார் பார்ப்பது? மாற்று ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். அந்தச் செலவை ஏற்காமல் கேள்வித்தாளை மட்டும் இறக்குமதி செய்தால் மிஞ்சுவது வாய்மொழிப் பரீட்சைதான்.

இந்தியாவில் தனித்தனியாகக் கேட்கும் முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது பிரதம் என்ற தொண்டு அமைப்பு. 2005-இல் தொடங்கிய அதன் அசர் (ASER) கல்வி ஆய்வில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளையை எதிரே உட்காரவைத்து, எண்களை வாசிக்கச் சொன்னார்கள்; கடன் வாங்கிக் கழிக்கவும், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கவும் சொன்னார்கள். நாட்டின் கண்ணைத் திறந்த வேலை அது. ஆனால் அது தெரியுமா, தெரியாதா என்பதோடு நிற்கிறது. ஒரு நாட்டின் நிலையை அளக்க அது போதும், ஒரு வகுப்பறைக்குப் போதாது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. ஒரு குழந்தை அரும்பா மொட்டா என்று முடிவு செய்யும் முன், அதன் ஆசிரியருக்கு அந்தக் குழந்தையோடு மட்டும் அரை மணி நேரம் கொடுங்கள். வீட்டில் பெற்றோருக்கும் இதே வேண்டுகோள்தான்: விடை சரியாக இருக்கும்போதும் எப்படிக் கண்டுபிடிச்சே என்று கேளுங்கள்; கேட்டுவிட்டு, குழந்தை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.