குருதியில் தேங்கும் கொழுப்பு: அறியவேண்டிய ஒரு பரம்பரைக் கோளாறு

நாம் உண்ணும் கொழுப்பு சிறுகுடலில் செரித்தபின் ‘கைலோமைக்ரோன்’ எனும் நுண்துணிக்கைகளாகப் பொதியப்பட்டு, நிணநீர் வழியே குருதியில் சேர்கிறது. தசையிலும் கொழுப்பிழையத்திலும் உள்ள மயிர்த்துளைக் குழாய்களின் சுவரில் ‘லிப்போபுரோட்டீன் லைப்பேஸ்’ என்ற நொதியம் இருந்து, அவற்றிலுள்ள டிரைகிளிசரைட்டைப் பிரிக்கிறது. மிச்சத்தை ஈரல் உள்வாங்குகிறது. சாதாரணமாக இவ்வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும்.

பத்து இலட்சம் பேரில் ஓரிருவருக்கு இந்த நொதியமோ, அதற்குத் துணைநிற்கும் புரதங்களில் ஒன்றோ பிறப்பிலிருந்தே இயங்குவதில்லை. இரவு முழுதும் சாப்பிடாமல் இருந்தாலும் கொழுப்பு குருதியில் தேங்கி நிற்கும். சோதனைக்கு எடுத்த குருதியின் தெளிவு பால்போலத் தெரியும். லீற்றருக்கு 1.7 மில்லிமோலுக்குள் இருக்கவேண்டிய டிரைகிளிசரைட்டு 10ஐயும் தாண்டிவிடும். பெரிய ஆபத்து கணையத்துக்குத்தான். கடும் வயிற்றுவலியோடு கணைய அழற்சி திரும்பத் திரும்ப வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம்.

இதைப் பொதுவான ‘கொலஸ்ட்ரோல்’ வருத்தத்தோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால்தான் இந்நோய் வரும். பெற்றோர் பெரும்பாலும் நோயின்றியே இருப்பர். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சிறுதொகைக் குடியேறிகளின் வழிவந்த பிரெஞ்சுச் சமூகத்தில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவது ஒரே முன்னோரின் பரம்பரையலகு பலரிடம் பரவியதால்தான். சொந்தத்துக்குள் மச்சான், மச்சாள் திருமணம் செய்யும் எமது குடும்பங்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

முதன்மையான சிகிச்சை உணவுக் கட்டுப்பாடே. ஒரு நாளைக்கு மொத்தக் கொழுப்பு 15 முதல் 20 கிராமுக்குள் இருக்கவேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறத்தாழ 14 கிராம் உண்டு. ஆகவே தேங்காய்ப்பால், பொரியல், நல்லெண்ணெய் எல்லாம் கணக்கில் வரும். மதுபானம் அறவே கூடாது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் கைலோமைக்ரோனாக மாறாமல் நேரே ஈரலுக்குச் செல்வதால், உணவியலாளர் அதைச் சிபாரிசு செய்வதுண்டு. அது தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான். ஆனால் வீட்டுத் தேங்காயெண்ணெய் அதற்கு ஈடல்ல.

2024 டிசம்பரில் அமெரிக்கா இந்நோய்க்கு ‘ஒலெசார்சென்’ என்ற ஊசிமருந்தை அங்கீகரித்தது. அதைப் பாவிப்போரும் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடக்கூடாது.

காரணம் தெரியாத வயிற்றுவலி பிள்ளைக்கு அடிக்கடி வந்தால், ‘வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று ஏசாமல், டிரைகிளிசரைட்டைப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கணைய அழற்சி வந்திருந்தால் அதையும், பெற்றோர் சொந்தக்காரராயின் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவருக்கு நோய் உறுதியானால் சகோதரங்களையும் சோதிக்கவேண்டும்.