பட்டமும் பணியும்: இந்தியப் பல்கலைக்கழக நுழைவு வரலாற்றில் பாடத்தெரிவு (1857 - 2022)

முன்னுரை

பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர் எப்பாடத்தைப் பட்டப்படிப்பாகத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, குடும்பத்தின் தனிப்பட்ட வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. மாணவரின் விருப்பம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்ற மதிப்பெண் ஆகிய மூன்றும் சேர்ந்து அதற்கு விடையளிப்பதாக நம்புகிறோம். விரும்பாத பாடத்தில் சேர்ந்து இடர்ப்படும் மாணவரைக் காணும்போது, அவருடைய அறியாமையையோ பெற்றோரின் பிடிவாதத்தையோ குறை கூறுகிறோம். ஆயின், இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, இத்தெரிவு மாணவரிடம் வந்து சேர்வதற்கு முன்னரே அதன் எல்லைகள் வகுக்கப்பட்டுவிடுகின்றன என்பது தெரியவருகின்றது. பட்டத்திற்கும் பணிக்கும் இடையே அரசு அமைத்த தொடர்பே பாடத்தெரிவின் போக்கைப் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அக்கருதுகோளை 1857 முதல் 2022 வரையிலான சில திருப்பங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

வாயிலின் தோற்றம்

இந்தியாவில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே பட்டத்திற்கான பயன் முடிவு செய்யப்பட்டுவிட்டது. தலைமை ஆளுநராக இருந்த ஹார்டிஞ் 1844ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட தீர்மானம், ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை வழங்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1854இல், சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் பல்கலைக்கழகங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின.

இப்பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனங்களாக அமையவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. கற்பித்தல் இணைவுபெற்ற கல்லூரிகளில் நிகழ்ந்தது. ஆகவே, பல்கலைக்கழகம் என்பது மக்களுக்கு முதலில் ஒரு தேர்வாகவே அறிமுகமாயிற்று. நுழைவுத்தேர்வு எனவும் மெட்ரிகுலேஷன் எனவும் வழங்கப்பட்ட அத்தேர்வு இரு பணிகளைச் செய்தது. ஒன்று, கல்லூரிக்குள் செல்லத் தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்தல். மற்றொன்று, கல்லூரிக்குச் செல்லாமலே எழுத்தர் பணியை நாடுவோர்க்குத் தகுதிச்சான்று அளித்தல். இரண்டாவது பணி திட்டமிடப்படாதது. எனினும் நடைமுறையில் அதுவே வலிமை பெற்றது. பட்டத்தேர்வில் தோற்றவர்கூடத் தம் பெயருக்குப் பின்னர்ப் 'பி.ஏ. ஃபெயில்' என எழுதிக்கொண்ட வழக்கம், தேர்வை எட்டியதே ஒரு தகுதியாக மதிக்கப்பட்டதைக் காட்டுகின்றது.

தொழிற்கல்வியிலும் இந்நிலையே காணப்பட்டது. 1847இல் ரூர்க்கியில் தொடங்கப்பெற்ற பொறியியல் கல்லூரி, அரசின் பொதுப்பணிகளுக்குத் தேவையான பொறியாளர்களை உருவாக்கும் நோக்குடையது. அங்கு இடம் பெறுவது ஏறத்தாழப் பணியின் வாயிலில் நிற்பதாகவே இருந்தது. பணியின் அளவே படிப்பின் அளவாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

முதற் பட்டதாரிகள் நால்வர்

1858ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் சென்னையிலும் முதற் பி.ஏ. பட்டம் பெற்றோர் நால்வர். கல்கத்தாவில் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத் போசும். சென்னையில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இவர்களுள் பங்கிம் சந்திரர், தாமோதரம் பிள்ளை ஆகிய இருவரின் வாழ்வையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது.

பங்கிம் சந்திரர் பட்டம் பெற்ற 1858ஆம் ஆண்டிலேயே அரசின் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியேற்றார். 1891இல் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் நீடித்தார். 1869இல் சட்டப் பட்டமும் பெற்றார். வங்க மொழியில் புதினத்திற்கு அடித்தளமிட்ட 'துர்கேசநந்தினி' 1865இலும், அவர் நடத்திய 'வங்கதரிசனம்' இதழ் 1872இலும் வெளிவந்தன. இவை யாவும் பணிக்கிடையே நிகழ்ந்தவை.

தாமோதரம் பிள்ளையின் வாழ்வும் இதனையொத்ததே. ஆசிரியப் பணியும் இதழாசிரியப் பணியும் ஆற்றிய அவர், அரசின் கணக்குத் துறையில் நெடுங்காலம் உழைத்தார். 1871இல் பி.எல். பட்டம் பெற்றுப் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகப் பணியாற்றினார். 'வீரசோழியம்' 1881இலும், 'தொல்காப்பியப் பொருளதிகாரம்' 1885இலும், 'கலித்தொகை' 1887இலும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. ஏடு தேடியதும் ஒப்புநோக்கியதும் அச்சிட்டதும் அவருடைய வாழ்க்கைத் தொழிலுக்குப் புறம்பானவை.

இருவரும் கலைப் பட்டம் பெற்றனர். இருவரும் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துச் சட்டப் பட்டம் பெற்றனர். இருவரும் அரசு ஊதியத்தில் வாழ்ந்தனர். இருவரும் தத்தம் தாய்மொழிக்கு நிலைத்த தொண்டு புரிந்தனர். ஆயின் அத்தொண்டிற்குரிய பாடத்தை அவர்கள் பட்டப்படிப்பாகத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு அன்று இல்லை. வங்கம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு முதுகலைப் படிப்பைக் கல்கத்தா பல்கலைக்கழகம், அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால், 1919இல்தான் தொடங்கியது. விருப்பமும் தொழிலும் வெவ்வேறு வழியிற் செல்லும் நிலை நம் காலத்தில் தோன்றியதன்று. முதற் பட்டதாரிகளிடமே அது காணப்படுகின்றது.

கிளைவழி அமைக்கும் முயற்சிகள்

அனைவரும் ஒரே வாயிலை நோக்கிச் செல்வதை அரசு விரைவிலேயே ஒரு சிக்கலாக உணர்ந்தது. 1882இல் அமைக்கப்பெற்ற ஹண்டர் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரு பிரிவாக்கப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவிற்குரியது. மற்றொன்று வணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்குரியது. பின்னதை நாடியோர் மிகச் சிலரே.

1917 - 1919இல் பணியாற்றிய சாட்லர் குழு, இடைநிலைத் தேர்வையே பல்கலைக்கழகத்தின் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்றது. 1934இல் ஐக்கிய மாகாணத்தில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் அமைந்த குழு, படித்தோரின் வேலையின்மையை ஆராய்ந்து, கல்விமுறை தேர்வுக்கும் பட்டத்திற்குமே மாணவரை ஆயத்தம் செய்கின்றது எனக் கண்டது. விடுதலைக்குப் பின்னர் 1952 - 1953இல் இலட்சுமணசாமி முதலியார் குழு பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964 - 1966இல் கோத்தாரி குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவை வலியுறுத்தியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990ஆம் ஆண்டிற்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995ஆம் ஆண்டிற்குள்ளும் தொழிற்பிரிவிற்குக் கொணர இலக்கு வகுத்தது. இவ்விலக்குகள் எட்டப்படவில்லை.

நூறாண்டுக் காலம் ஒரே பரிந்துரை வெவ்வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் எழுந்தமையும், ஒவ்வொரு முறையும் அது தளர்ந்தமையும் விளக்கம் வேண்டுவன. எழுத்தர் பணியின் மீது இந்தியர் கொண்ட மோகமே காரணம் என்பது பழைய விளக்கம். அது முழுமையானதன்று. கிளைவழியிற் சென்ற மாணவர்க்குப் பெருவழிக்குத் திரும்பும் வாயில் குறுகியதாகவே இருந்தது. அரசுப் பணிகளோ பட்டத்தையே தகுதியாகக் கேட்டன. திரும்பி வர இயலாத வழியை ஒருவர் தவிர்ப்பது மோகமன்று. அறிவார்ந்த கணிப்பு எனலே பொருந்தும்.

இதனை உணர்ந்தவர் இல்லாமலில்லை. 1948 - 1949இல் இராதாகிருஷ்ணன் குழு, அரசின் நிருவாகப் பணிகளுக்குப் பட்டம் இன்றியமையாதது எனக் கொள்ளற்க என்றும், தனித்தேர்வு வழி ஆட்களைத் தெரிந்தெடுக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் கொள்கையும் தெரிந்தெடுத்த துறைகளில் பட்டத்தையும் பணியையும் பிரிக்கத் தொடங்குவதாகக் கூறியது. ஆயினும் குடிமைப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் தேவை என்னும் விதி நீடிக்கின்றது. எப்பட்டமாயினும் போதும், ஆனால் பட்டம் வேண்டும் என்னும் இவ்விதி, 1844ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தொடர்ச்சியாகவே தோன்றுகின்றது.

இடங்களின் பங்கீடு

பணியுறுதியுடைய படிப்புகளில் இடங்கள் குறைவு; விழைவோர் மிகுதி. எனவே 'எதைப் படிப்பது' என்னும் வினா, 'யார் படிப்பது' என்னும் வினாவாக மாறியது. இம்மாற்றம் சென்னை மாகாணத்தில் தெளிவாக வெளிப்பட்டது. அங்கு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டன. இவ்வாணையை செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாது என்றது. அதே ஆண்டில் நிறைவேறிய முதல் அரசியலமைப்புத் திருத்தம், பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் உரிமையை 15(4)ஆம் பிரிவின் வழி அரசுக்கு அளித்தது. குடியரசின் முதல் அரசியலமைப்புத் திருத்தத்திற்குரிய காரணங்களுள் ஒன்று கல்லூரிச் சேர்க்கையாக அமைந்தமை, பாடத்தெரிவு எத்துணை ஆழமான சமூக வினா என்பதற்குச் சான்றாகும்.

பொதுத்தேர்வுகளின் காலம்

1951இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி.களுக்கான கூட்டு நுழைவுத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்திற்கான நீட் தேர்வு 2013இல் முதன்முதலாக நடத்தப்பட்டு, அவ்வாண்டே உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீக்கப்பட்டு, 2016இல் மீண்டும் வந்தது. தமிழ்நாடு தொழிற்படிப்புகளுக்கான தன் நுழைவுத்தேர்வை 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் வழி நீக்கி, பள்ளித்தேர்வு மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொண்டிருந்தமையால், நீட் அங்குக் கடும் எதிர்ப்புக்குள்ளாயிற்று.

கலை, அறிவியல் பட்டப்படிப்புகள் நெடுங்காலம் பள்ளி மதிப்பெண்ணைச் சார்ந்தே இருந்தன. அதன் எல்லையை 2011இல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று காட்டியது. பள்ளியில் வணிகவியல் பயிலாதோர் அக்கல்லூரியின் வணிகவியல் பட்டப்படிப்பிற் சேர 100 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என முதற்பட்டியல் அறிவித்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத்தேர்வு நடைமுறையாயிற்று. 1857இல் பல்கலைக்கழகமே நுழைவுத்தேர்வை நடத்தியது. பின்னர் அது பள்ளி வாரியங்களிடம் சென்றது. இப்போது இரண்டிலிருந்தும் விலகித் தனி முகமையிடம் சேர்ந்துள்ளது. தேர்வின் உரிமையாளர் மாறினும், இடங்களுக்கும் பணிகளுக்கும் இடையிலான தொடர்பு மாறவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாடத்தெரிவைத் திருத்த முயன்ற குழுக்கள் பெரும்பாலும் பள்ளியைத் திருத்தினவேயன்றிப் பணித்தகுதி விதிகளைத் திருத்தவில்லை. இரண்டாவது, ஒரு படிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழி திறந்திருந்தாலன்றி மாணவர் புதுவழியை நம்பிச் செல்லார். மூன்றாவது, இடப்பற்றாக்குறையை நுழைவுத்தேர்வு தீர்ப்பதில்லை. அதனை வரிசைப்படுத்த மட்டுமே செய்கின்றது.

இவை மொழித்துறைகளுக்கும் பொருந்தும். பிற பாடங்களில் இடம் கிடைக்காமையால் மொழிப்பாடத்திற்கு வந்து சேரும் மாணவரை ஆர்வமற்றவர் என ஒதுக்குதல் முறையன்று. ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பு, குடிமைப்பணித் தேர்வில் விருப்பப்பாடம் என அப்படிப்பு திறக்கும் வழிகளையும் அவற்றின் குறுக்கத்தையும் சேர்க்கையின்போதே உள்ளவாறு எடுத்துரைப்பது துறைகளின் கடமையாகும். தாமோதரம் பிள்ளை தம் விருப்பப் பணியை அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதிற் செய்தார். அவரால் இயன்றது என்பதனால் அனைவரிடமும் அதனை எதிர்பார்த்தல் ஆகாது. அப்பணியையே வாழ்தொழிலாகக் கொள்ள விழையும் மாணவர்க்கு ஊதியமுள்ள இடம் ஒன்றை உருவாக்குவதே, அவர் பதிப்பித்த நூல்களைப் பாடமாக வைத்துள்ள துறைகள் அவருக்குச் செய்யத்தக்க கைம்மாறாகும்.